சாம்பல் கையும் மூன்று படங்களும்

நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவன். அந்த மூன்றாம் வகுப்பிலேயே வாத்தியார் என்னை இரண்டு வருஷம் உட்கார வைத்தார். இன்றைக்கு ஆலங்குடி வட்டாரத்துக்கு முந்திரிப் பருப்பு வாங்க வருகிற வியாபாரி எவரும் என் ஷெட்டுக்குள் தலையை நீட்டாமல் ஊர் திரும்புவதில்லை. ஒரு பிடி பருப்பை அள்ளி உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தே, இது நன்றாகக் காய்ந்ததா, உள்ளே ஈரம் நிற்கிறதா, மழை மாதத்தைத் தாங்குமா என்று சொல்லிவிடுவேன். அதற்கு மெஷின் வைத்திருக்கிறார்கள். மெஷினும் நான் சொன்னதைத்தான் கொஞ்சம் தாமதமாகச் சொல்லும்.

அதனால், தோல் வியாதியைப் போட்டோவில் பார்த்தே மருந்து எழுதிக் கொடுக்கிறார்கள் என்று என் மகன் வந்து சொன்ன அன்று எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

"யாருடா பாக்குறது?"

"டாக்டர்ப்பா. ஸ்பெஷலிஸ்ட். அவங்க சென்னையில இருப்பாங்க. நம்ம சிஸ்டர் இங்க போட்டோ எடுத்து அனுப்புவாங்க. ரெண்டு நாள்ல பதில் வந்துரும்."

"தொட்டுப் பாக்காமயா?"

"தொடவே வேணாம்ப்பா. எல்லாம் படத்துலயே தெரியும்."

"அப்ப பொண்ணு பாக்க மட்டும் போட்டோ பத்தாதுன்னு ஏன்டா நேர்ல போயி ஒரு மணி நேரம் உக்காந்திருந்த?"

அவன் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டான். வளைகுடாவில் ஆறு வருஷம் ஏசி அறையில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தவன். வந்த நாளிலிருந்து ஷெட்டுக்கு ஒரு வாட்ஸப் குரூப், சுவரில் ஒரு போர்டு, என் மேசையில் வெயில் படாத ஒரு பூச்செடி. அந்த வரிசையில் இது நாலாவது. ஊர் நர்ஸ் அம்மா ஷெட்டுக்கே வந்து எல்லார் கையையும் படம் எடுப்பதாக ஏற்பாடு செய்துவிட்டான். நானும் சரி என்றேன். என் ஷெட்டு ஆட்களுக்கு ஒரு நோயும் இல்லை என்று அந்தச் சென்னை டாக்டர் வாயாலேயே வரட்டும் என்ற திமிர்தான்.

முந்திரிக்கொட்டையைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அதன் ஓட்டுக்குள் கறுப்பாக ஒரு எண்ணெய் இருக்கிறது. பட்ட இடம் வெந்துபோகும். கொட்டையை அவித்துக் காயவைத்து, காலால் மிதிக்கிற மெஷினில் ஒவ்வொன்றாக வைத்து வெட்டும்போது அந்த எண்ணெய் விரலில் தெறிக்கும். அதற்காகவே பெண்கள் அடுப்புச் சாம்பலைச் சலித்து ஒரு தட்டில் பக்கத்தில் வைத்திருப்பார்கள். நாலு கொட்டை வெட்டினால் ஒரு தடவை விரலைச் சாம்பலில் புரட்டிக்கொள்வார்கள். எண்ணெயைச் சாம்பல் குடித்துவிடும். மதியத்துக்குள் எல்லார் கையும் சுவருக்கு வெள்ளையடித்தவர் கை மாதிரி ஆகிவிடும். இதை எந்த டாக்டரும் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. நாங்களாகக் கண்டுபிடித்தது.

என் ஷெட்டில் வெட்டுகிறவர்களில் முதல் கை ஒரு பெண்ணுடையது. நான் ரோட்டோரம் தகரச் சட்டியில் கொட்டை வறுத்துக்கொண்டிருந்த காலத்திலிருந்தே என்னோடு வேலை பார்ப்பவள். என்னை அண்ணே என்பாள், நான் தங்கச்சி என்பேன். அவள் வெட்டினால் பருப்பு முழுசாக வரும். மற்றவர்கள் வெட்டுவதில் கால்வாசி உடையும். புருஷன் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். ஒரே மகள், அறந்தாங்கியில் கட்டிக்கொடுத்திருக்கிறது. மாப்பிள்ளை வளைகுடாவில். மகளுக்கு ஏழாம் மாதம். இன்னும் பதினெட்டு நாளில் வளைகாப்பு என்று நாள் குறித்திருந்தார்கள். கண்ணாடி வளையல் எங்கே வாங்குவது, ஏழு வகைச் சாதத்தில் என்னென்ன வைப்பது என்று ஷெட் முழுக்க அதே பேச்சு. கொட்டை வெட்டுகிற சத்தத்துக்கு மேலே அந்தப் பேச்சுத்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

சிஸ்டர் ஒரு பதினோரு மணிக்கு வந்தார். இரண்டு பெண்கள் கையைக் கழுவிவிட்டு வருகிறோம் என்று எழுந்தார்கள். கழுவினால் துடைத்து, மறுபடி சாம்பல் பூசி உட்கார அரை மணி நேரம் போகும்.

"அப்புடியே காட்டுங்கத்தா. டாக்டருக்கு அழுக்குத் தெரியாதா?" என்றேன்.

எல்லாரும் சாம்பல் கையை நீட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். ஷெட்டுக்குள் வெளிச்சம் மட்டம். சிஸ்டர் டார்ச் போட்டு எடுத்தார். பிறகு போனில் என்னவோ கட்டம் கட்டமாக நிரப்பிக்கொண்டே கேட்டார்.

"ஐயா, என்ன வேலைன்னு ஒரு கேள்வி இருக்கு. முந்திரி கம்பெனின்னு போட்றவா?"

"வீட்டு வேலைன்னு போடுங்க."

"இங்கதானேங்க ஐயா வேல பாக்குறாங்க?"

"கம்பெனின்னு எழுதினா நாளைக்கு லேபர் ஆபீஸ்லேருந்து எவனாச்சும் பைலத் தூக்கிக்கிட்டு வந்து நிப்பான். இவுக எல்லாரும் வீட்டுலயும் வேலதான பாக்குறாக? பொய்யா அது?"

சிஸ்டர் என்னைப் பார்த்தார், எழுதிக்கொண்டார். அந்த நேரத்தில் எனக்கு அது பெரிய புத்திசாலித்தனமாகப் பட்டது.

இரண்டாம் நாள் பதில் வந்தது. மற்ற எல்லாருக்கும் ஒன்றுமில்லை, எண்ணெய் தடவுங்கள், அவ்வளவுதான். தங்கச்சி கைக்கு மட்டும் தனியாக நாலு வரி. தோலில் வெள்ளைச் செதில் படிந்து வெடிப்பு விட்டிருக்கிறது, சொரியாசிஸாக இருக்கலாம், நேரில் காட்டி உறுதி செய்துகொள்ளவும், அதுவரை கைக்கு ஓய்வு, இன்ன களிம்பு. மற்றவர்கள் கையிலும் சாம்பல்தான். ஆனால் இவளுக்குத்தான் வேலை அதிகம், வெடிப்பு அதிகம், வெடிப்புக்குள் சாம்பல் இறங்கி உட்கார்ந்திருந்தது. டார்ச் வெளிச்சத்தில் அது மீன் செதில் மாதிரி மின்னியிருக்கிறது. அதைத்தான் அவ்வளவு படித்த ஒருவர் பார்த்து நோய் என்று பெயர் வைத்தார். எங்கள் ஊர்ச் சின்னப் பிள்ளை பார்த்தால்கூடச் சாம்பல் என்று சொல்லும்.

என் மகன் செய்த காரியம் அதைவிட மேல். எதையும் ஒளிக்கக் கூடாதாம், அப்படித்தான் அவன் வேலை பார்த்த இடத்தில் செய்வார்களாம். பதிலையும் படத்தையும் சேர்த்து ஷெட் குரூப்பில் போட்டுவிட்டான். எனக்குத் தெரிவதற்குள் அது எத்தனை போனுக்குப் போனதோ. போகிற வழியில் 'இருக்கலாம்' என்ற வார்த்தை விழுந்துவிட்டது. 'உறுதி செய்துகொள்ளவும்' என்பதும் விழுந்துவிட்டது. மிச்சம் இருந்தது நோயின் பெயரும், சாம்பல் பூசிய இரண்டு கைகளின் படமும்.

அடுத்த நாள் காலையில் ஷெட்டுக்குள் நுழைந்தபோதே தெரிந்தது. தங்கச்சியின் மெஷினுக்குப் பக்கத்து மெஷினில் உட்காருகிறவள் தன் சாக்கை எடுத்து மறு கோடிக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

"ஏன்டி அங்கிட்டு போற?" என்று தங்கச்சி கேட்டாள்.

"இங்கிட்டு காத்தே வரலக்கா."

"பதினாலு வருசமா வராத காத்து இன்னைக்குத்தான் ஒனக்கு வரலையாக்கும்?"

அவள் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள். தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு டம்ளர் தனியாக இருந்தது. யார் வைத்தது என்று கேட்டேன். ஒருத்திக்கும் தெரியவில்லை. தானாக நடந்து வந்த டம்ளர். இந்தக் கையால்தான் அவள் போன மாசம் இவர்கள் எல்லாருக்கும் பலாப்பழம் உரித்துக் கொடுத்தாள், விரலையும் சேர்த்துச் சாப்பிடாத குறையாகத் தின்றார்கள். மதியம் ஆவதற்குள் அவள் மெஷினை விட்டு எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள். டாக்டர் ஓய்வு எடுக்கச் சொல்லியிருக்கிறார் என்றாள். நான் தடுக்கவில்லை. அவள் இருந்தால் மற்றவர்கள் வேலையும் நின்றுவிடுமே என்றுதான் நினைத்தேன், அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

மூன்றாம் நாள் அவள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை. இரண்டு கையையும் முந்தானைக்குள் வைத்திருந்தாள்.

"அறந்தாங்கியிலேருந்து சம்மந்தியம்மா போன் பண்ணுச்சுண்ணே. படம் அங்க வரைக்கும் போயிருச்சாம்."

"என்ன சொல்லுச்சு?"

"புள்ளத்தாச்சிப் பொண்ணாம், ஒட்டிருச்சுன்னா என்ன பண்றதாம். வளையல நாத்தனாரு, சித்தி எல்லாம் போட்டுக்குவாகளாம். நீங்க வாங்க, ஒக்காந்து பாருங்க, நல்லா சாப்புடுங்கங்குறாக." கொஞ்சம் நிறுத்தினாள். "எம்மவளுக்கு நான் வளையல் போடக் கூடாதாம். சோறு மட்டும் திங்கலாமாம்."

என் மனைவி உள்ளேயிருந்து வந்து அவள் தோளைப் பிடித்து இழுத்துத் தின்பண்டத்தைக் கையில் திணிக்கப் பார்த்தாள். தங்கச்சி வாங்காமல் கையை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டாள். மூன்று நாளில் ஒரு மனுஷிக்குத் தன் கையையே ஒளிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். எனக்குத் தலைக்கு மேல் கோபம்.

"கெளம்பு. தஞ்சாவூர்ல பெரிய டாக்டர் இருக்காரு. கார்ல கூட்டிப் போறேன். நேர்ல பாத்து ஒண்ணுமில்லன்னு சொல்லட்டும்."

"அவரு வாயில சொல்லுவாருண்ணே. வாயில சொன்னத நான் போயிச் சொன்னா, நம்ம முதலாளி காசு குடுத்துச் சொல்லச் சொன்னாருன்னுவாக. அவுகளுக்குப் போன்ல வந்ததுதான் உண்ம. அதே டாக்டரு, அதே போன்ல, மாத்திச் சொல்லணும்."

நான் எத்தனையோ வியாபாரிகளோடு பேசியிருக்கிறேன், இவ்வளவு தெளிவாக நிலைமையைச் சொன்னவர்கள் குறைவு. சிஸ்டரைக் கூப்பிட்டேன். மறுபடி படம் எடுத்து அனுப்பலாம், ஆனால் டாக்டருக்கு நிறையப் பேர் இருக்கிறார்கள், நான்கைந்து நாள் கழித்து எடுத்தால் களிம்பு பிடித்ததா என்று பார்க்கவும் வசதி என்றார். சரி என்று காத்திருந்தோம். படம் எடுக்கிற அன்று காலை தங்கச்சி வந்தாள். அரக்குக் கலர் பட்டுச்சேலை, தலையில் பூ. கையை நீட்டினாள். இரண்டு உள்ளங்கையும் பத்து விரலும் மருதாணிச் சிவப்பு.

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஏத்தா, டாக்டர் பாக்கப் போற கைக்கா மருதாணி?"

"போன தடவ சாம்பக் கையோட நின்னதுக்குத்தான் அந்தப் பேரு வந்துச்சு. நாலு பேரு பாக்குற படத்துக்கு அப்புடியா நிப்பாக? இந்தத் தடவையாச்சும் லெச்சணமா இருக்கட்டும்."

"இது என்ன கலியாண போட்டோவா?"

"போட்டோன்னா போட்டோதாண்ணே."

எங்கள் பக்கத்து ஆட்கள் அப்படித்தான். ரேஷன் கார்டுக்குப் படம் எடுப்பதற்கும் முகம் கழுவிப் பவுடர் போட்டுக்கொண்டு போவோம். அந்தப் பழக்கம் நோயைக் காட்டும்போது மட்டும் விட்டுப்போகுமா? சிஸ்டர் தலையில் அடித்துக்கொண்டே படத்தை அனுப்பினார். சாயங்காலமே பதில் வந்தது. மருதாணி இருப்பதால் தோல் தெரியவில்லை, மருதாணி முழுதும் போனபிறகு அனுப்பவும். வளைகாப்புக்கு ஒன்பது நாள் இருந்தது. நல்ல மருதாணி பத்து நாளைக்குக் குறையாமல் நிற்கும்.

மறுநாளிலிருந்து தினம் காலையில் ஷெட்டுக்குப் போகும் வழியில் அவள் வீட்டில் வண்டியை நிறுத்தினேன். கையை வெயிலில் நீட்டச் சொல்லி, கொட்டை வாங்கும்போது பார்க்கிற மாதிரி பார்த்தேன். புரட்டிப் பார்த்தேன், விரல் இடுக்கில் பார்த்தேன், தடவிப் பார்த்தேன். ஒட்டிக்கொள்ளும் என்றார்களே, ஒட்டட்டும். என் மனைவி வீட்டில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"ஒங்க தங்கச்சி கையப் பாக்குற மாதிரி எங் கைய என்னைக்காச்சும் பாத்திருக்கீகளா? கலியாணத்தன்னைக்குக்கூட மோதரம் சரியா இருக்கான்னுதான் பாத்தீக."

மூன்றாம் நாள்தான் எனக்குப் பிடிபட்டது. மருதாணி போய்க்கொண்டிருந்தது. சாயம் மங்கவில்லை, தோலோடு சேர்ந்து உரிந்துகொண்டிருந்தது. வெந்த மேல்தோல் பொருக்குப் பொருக்காகக் கழன்று அதோடு மருதாணியும் விழுந்தது. கீழே இருந்து வந்த தோல் புதிது, இளசு, அதில் வெடிப்பு இல்லை, செதிலும் இல்லை. அவள் ஷெட்டுக்கு வந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. களிம்பு போட்டாயா என்று கேட்டேன். நாத்தம் பிடிக்கவில்லை என்று முதல் நாளோடு தூக்கிப் போட்டுவிட்டாளாம். அப்படியென்றால் எது ஆற்றியது? வேலைக்கு லீவு விட்டதும் நோயும் சேர்ந்து லீவு எடுத்துக்கொள்ளுமா? இது கொட்டை எண்ணெய் சுட்ட கை. வேறு ஒன்றும் கிடையாது. எந்த டாக்டருக்கும் முன்னால் இதைக் கண்டுபிடித்தவன் மூன்றாம் வகுப்பு படித்த நான்.

கண்டுபிடித்த சந்தோஷம் ஒரு நிமிஷம்தான் இருந்தது. சுட்டது யாருடைய ஷெட்டு எண்ணெய் என்ற கேள்வி அதன் பின்னாலேயே வந்து நின்றது.

ஐந்தாம் நாள் மருதாணி போய்விட்டது. அவள் வீட்டுக் குழாயடியில் வைத்து, கடலை மாவு போட்டுக் கையைக் கழுவச் சொன்னேன். பவுடர் கூடாது, மஞ்சள் கூடாது, சேலை பழையதே போதும். காலை வெயிலில் ஒரு கறுப்புக் குடைத்துணி மேல் கையை வைத்துச் சிஸ்டர் எடுத்தார். பிறகு என் மகனிடம் போனை வாங்கி, பேச்சாகவே பதிந்து அனுப்பு என்று சொல்லி நானே பேசினேன். எத்தனை வருஷமாகக் கொட்டை வெட்டுகிறாள், எதைத் தடவுகிறாள், எத்தனை நாளாக வரவில்லை, எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில், "படத்த மட்டும் பாக்காதீங்க. கேட்டும் பாருங்க" என்று ஒரு வார்த்தை சேர்த்தேன். மகன் அதை அழிக்கச் சொன்னான். அழிக்கவில்லை.

அரை மணி நேரத்தில் சிஸ்டர் போன் அடித்தது. டாக்டரே பேசினார். பெண் குரல், என் மகளாக இருக்கிற வயதுதான் இருக்கும். நான் இத்தனை நாளும் மனசுக்குள் ஒரு கிழட்டு ஆம்பிளையைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

"ஐயா, மொதல் படத்துல கையெல்லாம் வெள்ளையா இருந்துச்சே, அது என்ன?"

"சாம்பம்மா. அடுப்புச் சாம்பல்."

 அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது.

"இத ஏன் மொதல்லயே சொல்லல?"

"நீங்க கேக்கலியே."

"கேட்டேன் ஐயா. என்ன வேலைன்னு ஒரு கேள்வி இருக்கு. அதுல வீட்டு வேலைன்னு வந்திருக்கு. முந்திரி வேலைன்னு போட்டிருந்தா நான் அந்தப் பேரையே எழுதியிருக்க மாட்டேன். யாரு அப்படி எழுதச் சொன்னது?"

சிஸ்டர் வேறு எங்கேயோ பார்த்தார். என் மகன் என்னைப் பார்த்தான். தங்கச்சியும் பார்த்தாள், அவளுக்கு அன்றைக்கு நான் சொன்னது காதில் விழுந்திருக்கும். வரிசையில் முதலாவதாக நின்றவள் அவள்தான்.

"நாந்தாம்மா" என்றேன்.

டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். ஷெட்டில் எல்லாருக்கும் கையுறை வாங்கித் தர வேண்டும், முதலில் ஆமணக்கெண்ணெய் தடவி மேலே கையுறை போட வேண்டும், கிழிந்தால் அன்றே மாற்ற வேண்டும் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொன்னார். கையுறை போட்டால் மெஷினில் விரல் மாட்டும் என்றேன். அளவு பார்த்து வாங்கினால் மாட்டாது என்றார். அப்படியே அந்த முதல் பெயர் நோயாகவே இருந்திருந்தாலும் அது யாருக்கும் ஒட்டாது, இதையும் எழுதி அனுப்புகிறேன் என்றார். எழுதியும் அனுப்பினார். முந்திரி எண்ணெயால் வந்த புண், ஆறிக்கொண்டிருக்கிறது, இவர் யாரையும் தொடலாம், தொற்று கிடையாது. அழகான தமிழ், கீழே பெயரோடு. தொடாமலே தப்பாகச் சொன்னவர், தொடாமலே சரியாகவும் சொல்லிவிட்டார். நடுவில் இருந்த தப்பு என் வாய் செய்தது. ஆனாலும் சாம்பலைச் செதில் என்று எழுதிய கையை நான் இன்னும் முழுசாக மன்னிக்கவில்லை.

மகன் அந்தக் கடிதத்தைக் குரூப்பில் போட்டான். முதல் பதிலை ஒரு மணி நேரத்தில் அறந்தாங்கி வரை ஓட வைத்தவர்கள், இதற்கு ஒரு கட்டை விரல் படம் போடக்கூட யோசித்தார்கள். இரண்டு பேர் போட்டார்கள், அதில் ஒருத்தி என் மனைவி. நோய் என்றால் கை தானாக அனுப்புகிறது. நோயில்லை என்றால் கைக்கு வலி வந்துவிடுகிறது. தங்கச்சி சம்மந்தியம்மாவுக்கே நேராக அனுப்பினாள். பார்த்ததற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடு விழுந்தது. பேச்சு ஒன்றும் வரவில்லை.

வளைகாப்பு அன்று என் மனைவியோடு நானும் போனேன். சின்ன மண்டபம். பெண்ணை நாற்காலியில் உட்கார வைத்து, கன்னத்தில் சந்தனம், மடியில் பழம். எதிரே ஸ்டாண்டில் ஒரு போன், அதில் மாப்பிள்ளையின் முகம் பாதி தெரிந்தது. பக்கத்தில் தட்டு நிறையக் கண்ணாடி வளையல். தங்கச்சி மூன்றாவது வரிசையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், கை மடியில். பெற்ற தாய் மூன்றாவது வரிசையில். அவள் புருஷன் வெளியே ஆட்டோவிலேயே உட்கார்ந்துகொண்டு உள்ளே வர மாட்டேன் என்றுவிட்டான்.

நான் நேராகச் சம்மந்தியம்மாவிடம் போனேன்.

"கடுதாசி பாத்தீகளா?"

"பாத்தேங்கண்ணே." அந்த அம்மா புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டே சிரித்தது. "மொதல்ல ஒண்ணு சொன்னாங்க. இப்ப ஒண்ணு சொல்றாங்க. எதுக்குங்க வம்பு? அவங்க மனசு நோகக் கூடாதுன்னு நீங்க சொல்லிச் சொல்ல வச்சிருப்பீங்க. எனக்குத் தெரியாதா?"

தங்கச்சி அன்று என் வாசலில் நின்று சொன்னதுதான் அப்படியே வந்தது. நான் எப்போதும் மெதுவாகப் பேசுகிற ஆள் இல்லை. அன்றைக்கு இன்னும் சத்தமாகவே பேசினேன், பின்வரிசை வரைக்கும் கேட்கட்டும் என்று.

"நான் சொல்லிச் சொன்னதுதான் அம்மா மொத கடுதாசி. முந்திரி வேலைன்னு எழுத வேண்டிய எடத்துல வீட்டு வேலைன்னு பொய் எழுதச் சொன்னது நானு. கையக் கழுவ விடாம சாம்பலோட நிக்க வச்சது நானு. அவ கையில நோயி இல்ல. எங் கம்பெனி எண்ணெ சுட்டுருக்கு. அவ்வளவுதான்."

 பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தவன்கூட நின்றுவிட்டான். எழுபது வயதுக்குள் நான் சபையில் தலை குனிந்து நின்றது அந்த ஒரு தடவைதான். சம்மந்தியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தது.

"அப்ப இவ்வளவு நாளும் ஒங்க பொழப்புக்கு எங்க சம்மந்தி கைய வேக வச்சுக்கிட்டு இருந்திருக்கீங்க?"

இரண்டு வாரமாக 'அவுக' 'அவங்க' என்று தள்ளி வைத்தவர் வாயில் முதல் தடவையாக 'எங்க சம்மந்தி' வந்தது. என்னைத் திட்டுவதற்காகத்தான் வந்தது, ஆனாலும் வந்தது.

"ஆமாம்மா" என்றேன்.

அதற்குள் வளைகாப்புப் பெண்ணுக்குப் பொறுமை போய்விட்டது. "அத்தே, எங்கம்மா வந்து போட்டாத்தான் நான் கைய நீட்டுவேன். இல்லன்னா சந்தனத்த இப்பவே கழுவிட்டு ஆட்டோவுல ஏறிருவேன்" என்றாள். போனில் இருந்த மாப்பிள்ளை "அம்மா, விடுங்கம்மா" என்று எங்கேயோ பாலைவனத்திலிருந்து சொன்னான். சத்தம் பாதி வெட்டி வெட்டி வந்தது.

தங்கச்சி எழுந்து வந்தாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. மகளின் கை வீங்கியிருந்தது, முதல் வளையல் கணுவிலேயே நின்றது. அவள் அவசரப்படவில்லை. மகள் கட்டைவிரலை உள்ளே மடக்கி, புதுத்தோல் வந்த தன் விரல்களால் அழுத்திப் பிடித்து, கொட்டையிலிருந்து பருப்பு முழுசாக எடுக்கிற அதே பதத்தில் வளையலை ஏற்றினாள். ஒன்று உடையவில்லை. போட்டோக்காரன் குறுக்கே வந்து, "அம்மா, கைய அப்புடியே வச்சு இங்க பாருங்க" என்றான். அவள் பார்க்கவில்லை. அடுத்த வளையலை எடுத்தாள்.

எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் பின்பக்கம் போனேன். சம்மந்தியம்மா அங்கே தனியாக நின்றுகொண்டிருந்தது. எனக்காகத்தான் நின்றிருக்கிறது. சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தியது.

"கோவத்துல பேசிட்டேங்கண்ணே. மனசுல வச்சுக்காதீங்க." பிறகு சேலையைக் கணுக்கால் வரைக்கும் தூக்கியது. உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்துத் தடித்து, சொரிந்து சொரிந்து புண்ணாகிப்போன ஒரு திட்டு. "ரெண்டு வருசமா இருக்குங்க. வீட்டுல யாருக்கும் தெரியாது. அந்த டாக்டரம்மாவுக்கு இத ஒரு போட்டோ எடுத்து அனுப்புறீங்களா? குரூப்ல மட்டும் போட்றாதீங்க, புண்ணியமாப் போகும்."

இரண்டு வருஷமாக இந்தக் காலோடு வளையல் தட்டைத் தூக்கிக்கொண்டு சபையில் நடக்கிறது இந்த அம்மா. எனக்கு வாயில் வந்த வார்த்தைகளை எழுதினால் அச்சில் வராது. அதில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை.

"வெளிச்சத்துக்கு வாங்க" என்றேன்.